புரட்டாசியில் கெட்டிப்பட்ட ரத்தம்

1

என் வலது நுரையீரலில் ஒரு ரத்தக்கட்டி வந்து உட்கார்ந்து சென்ற வாரத்தோடு ஓராண்டு முடிந்தது. என் பிறந்தநாளைத் தவறாமல் மறக்கிற மகன் கார்த்திக் இதை மட்டும் நினைவில் வைத்திருந்து, ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் தன் வீட்டிலிருந்து "ஹேப்பி லங் டே, ப்பா" என்று கைபேசியில் செய்தி அனுப்பினான். கூடவே கேக் படம் ஒன்று. நான் "நன்றி மகனே" என்று தமிழில் எழுதினேன். அதைப் படிக்க அவன் மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்தியிருப்பான். அவனுடைய மகள் சீனப் பள்ளியில் படிக்கிறாள். வந்தால் மாண்டரினில் பத்துவரை எண்ணிக் காட்டுவாள். பதிலுக்கு நான் தமிழில் எண்ணினால் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக் கை தட்டுவாள்.

காரைக்குடியில் இருக்கும் என் அண்ணனுக்கு இந்த நோய் இன்றுவரை பிடிபடவில்லை. "ரத்தம் கட்டிக்கிச்சுங்கிறியே, எங்கடா இடிச்சுக்கிட்டே?" என்று ஒவ்வொரு முறை பேசும்போதும் கேட்கிறார். ஊரில் ரத்தக்கட்டு என்றால் அடிபட்ட இடம் கன்றிப்போவது. அதற்கு மஞ்சளும் புளியும் காய்ச்சிப் பற்றுப் போட்டால் தீர்ந்தது. இது அப்படி இல்லை, ரத்தக் குழாய்க்கு உள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது, காலில் உண்டாகிப் பிறகு நுரையீரலுக்குப் பயணம் போகக்கூடியது என்று பலமுறை சொல்லிவிட்டேன். "அப்ப உள்பக்கமா இடிச்சிருக்கே" என்கிறார். அவரோடு வாதாடுவதற்கு நுரையீரல் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும்.

2

நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.காம். முடித்த கையோடு மாமாவின் கடையில் கணக்கெழுத இந்த நாட்டுக்கு வந்தேன். கடையில் மாமா இருந்ததால் கப்பலுக்குத் தாவினேன். எந்தச் சரக்குக்கு எந்தத் தாள், எந்தத் தாளுக்கு எந்த முத்திரை, அந்த முத்திரையைப் பூட்டி வைத்திருப்பவர் எப்போது தேநீர் குடிக்கப் போவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இப்படி ஒருவன் ஓய்வு பெற்றால் அக்கம்பக்கம் சும்மா விடுமா? சேமநிதி எடுக்க வேண்டுமா, கடப்பிதழ் என்கிற பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதா, பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் பிழையா, எல்லோரும் என் வீட்டு வாசலில். நானும் சளைக்காமல் அவர்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்து நீல அடையாள அட்டை ஏந்த வைத்திருக்கிறேன். என் பையில் இருப்பது மட்டும் இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டைதான். என் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது என்று மிகுந்த மரியாதையோடு சொல்வார்கள்.

அந்த அலுவலகங்களில் வரிசையாகப் போட்டிருக்கும் இரும்பு நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் நம் எண் எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஆகவே நான் எழுந்திருக்க மாட்டேன். எழுந்திருக்கும் அவசியம் வரக்கூடாது என்று தண்ணீரும் குடிக்க மாட்டேன். இதை ஒரு நுட்பமாகவே பிறருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். கால் வீங்கிய பிறகு, "ரொம்ப நேரம் அசையாம உக்காருவீங்களா? தண்ணி கம்மியா குடிப்பீங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, என் தொழில் இரகசியம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் தோன்றியது.

இடது கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தது. என் மனைவி விசாலம் எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டாள். இன்னும் அழுத்தி உருவ கம்போங் மேடானிலிருந்து ஒருவரை வரச் சொல்லலாம் என்று பேச்சு நடந்தது. கார்த்திக் வந்து பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கத்தி எங்களை மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு போனான். அங்கே முதல் கேள்வியே உருவினீர்களா என்பதுதான். "கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா?" என்று மருத்துவர் கேட்டதும், விசாலம் தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளோ போலப் பார்த்தாள்.

சில மாதங்கள் மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அதன் பிறகு ஜோகூரில் ஒரு கல்யாணத்துக்குப் பேருந்தில் சன்னலோர இருக்கையில் போனேன். பக்கத்தில் ஒருவர் அயர்ந்து தூங்கினார். அவரைத் தாண்டிப் போவது நாகரிகமில்லை என்று போகும்போதும் எழவில்லை, வரும்போதும் எழவில்லை. அதே வாரம் கிள்ளான் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் பாதி ஏறியபோது மூச்சு நின்றுபோனது.

3

அது போன ஆண்டு, புரட்டாசி முடிந்த கையோடு. முதல்நாள்தான் விசாலம் ஆட்டுக்கறி எடுத்திருந்தாள்.

ஊரில் எங்களுக்குப் புரட்டாசி என்றால் சனிக்கிழமைதான். மாதம் முழுக்கச் சைவம் என்பது, தெரிந்தவரை, எங்கள் இரண்டு குடும்பத்திலும் இருந்ததில்லை. இந்த நாட்டில்தான் பார்த்தேன். இங்கே தமிழர் பகுதிகளில் புரட்டாசி பிறந்தால் கிள்ளான் பாசாரில் கோழி விற்பவர் ஒரு மாத விடுமுறையில் ஊருக்குப் போய்விடுகிறார். பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் சைவ மீன், சைவ ஆடு என்று கோதுமையும் சோயாவும் வேடம் போட்டுக்கொண்டு வருகின்றன. பன்றி எலும்புச் சூப்புக்கு உயிரை விடுகிறவர்கள்கூட அந்த மாதம் கழுத்தில் துளசி மாலையோடு திரிகிறார்கள். கடல் தாண்டினால் கடவுளுக்கு நம்மைக் கண்டுபிடிப்பது கடினம், நாமே கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுவோம் என்று நினைக்கிறோமோ என்னவோ. நாங்கள் மட்டும் சனிக்கிழமைகளோடு நிறுத்திக்கொண்டிருந்தோம். அதற்குக் காரணம் நான். வேண்டுதல், விரதம் பற்றியெல்லாம் விசாலத்தைக் கல்யாணமான நாள் முதல் கிண்டல் செய்து வருகிறவன்.

நான் பிராணவாயுக் குழாயோடு உள்ளே கிடந்தபோது, அவள் வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். பெருமாளே, இவர் நடந்து வீட்டுக்கு வந்துவிடட்டும், அடுத்த புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் சைவம். நான் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் ஒப்பந்தத்தைச் சொன்னாள்.

"எங்க வீட்டுலன்னா? என்னையும் சேர்த்தா?"

"பின்ன? உங்களுக்காகத்தானே வேண்டினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"நீங்க கண்ண மூடிக்கிட்டு கெடந்தீங்க. கையெழுத்து வாங்க முடியல."

இரண்டாவது முறை வந்தது என்பதால் எனக்கு ஆயுள் முழுவதும் வார்ஃபரின் என்று எழுதிவிட்டார்கள். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை. புதிதாக வேறு மாத்திரைகளும் வந்திருக்கின்றன, ஆனால் என் சிறுநீரகங்கள் அவற்றுக்குச் சம்மதிக்கவில்லை. வார்ஃபரின் ஒரு காலத்தில் எலியைக் கொல்லப் பயன்பட்டது என்று படித்துவிட்டு விசாலத்திடம் சொன்னேன். "ராத்திரியில அடுக்களைய உருட்டுறவங்களுக்கு அது சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

இந்த மாத்திரை வாங்குவதோடு முடிவதில்லை. அடிக்கடி மருத்துவமனைக்குப் போய் விரலில் குத்தி ஐ.என்.ஆர். என்ற ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைச் சொல்லும் எண் அது. உங்களுக்கெல்லாம் அது ஒன்றாக இருக்கும். எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் மறுபடி கட்டி. கூடினால் எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியும். ஓராண்டாக என் எண் நடுவில் ஒழுங்காக நின்றது. விசாலம் ஒவ்வொரு முறையும் என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "நம்பர்?"

4

இந்த ஆண்டுப் புரட்டாசி பிறந்தது. கறி இல்லாத குறை எனக்குத் தெரியக்கூடாது என்று விசாலம் முடிவு செய்துவிட்டாள். எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு முருங்கை நிற்கிறது. கேட்டால் ஒடித்துத் தருவார்கள். காலையில் வல்லாரைத் துவையல். இங்கே அதற்குப் பெகாகா என்று பெயர், கட்டுக் கட்டாகக் கிடைக்கும். மதியம் முருங்கைக்கீரைப் பொரியல், பசலைக்கீரைக் கூட்டு. மாலையில் கீரை வடை. என் தட்டு ஒரு சிறிய காடு போல இருந்தது. உண்மையைச் சொன்னால், பிடித்துத்தான் சாப்பிட்டேன்.

மாதத்தின் நடுவில் மருத்துவமனைக்குப் போனோம். எண் பார்க்கும் அறையில் இருப்பவர் நூருல் என்ற மலாய்க்காரப் பெண். மருந்தாளுநர், என் மகன் வயதுகூட இராது. கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் விரலைக் குத்தினாள். ஒன்று புள்ளி நான்கு.

"பாக்சிக், சாயூர் பஞ்ஞாக் மக்கான் கெ?"

பெரியவரே, காய் கீரை நிறையச் சாப்பிட்டீர்களா என்கிறாள். பட்டியல் போட்டேன். முருங்கைக்கு மலாயில் என்ன என்று யோசிப்பதற்குள் அவளே, "ஓ, புரட்டாசி!" என்றாள். கார்த்திக்கைவிட நன்றாக உச்சரித்தாள். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே ரத்தத்தை உறையச் செய்கிறது. மாத்திரை உறையாமல் தடுக்கிறது. கீரை கூடினால் மாத்திரை தோற்கும். கீரையே தின்னக்கூடாது என்று இல்லை. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டதுதான். தலையாட்டிக் கேட்டுமிருக்கிறேன். ஆனால் அப்போது கீரை என்பது வாரத்துக்கு ஒருநாள் தட்டின் ஓரத்தில் வரும் சமாச்சாரம்.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் நூருல். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம், மாத்திரை அப்படியே இருக்கும். அல்லது விரதம் முடியும்வரை இதே கீரையைச் சாப்பிடலாம், மாத்திரையைக் கூட்டித் தருவாள். ஆனால் கூட்டிய பிறகு சாப்பாட்டை மாற்றக் கூடாது. "வீட்டுல மாக்சிக்கிட்ட சொல்லிடுங்க. அது முக்கியம்." மாக்சிக் என்றது விசாலத்தை.

கொஞ்சம் யோசிக்கிறேன் என்றேன். அவள் அடுத்தவரின் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

யோசித்தது இதைத்தான். இத்தனை வருட வாக்குவாதத்தில் முதல் முறையாக என் கையில் ஆதாரம் கிடைத்திருக்கிறது. அரசாங்கக் கருவி, தசமப் புள்ளியோடு கொடுத்த ஆதாரம். கதவைத் திறந்து, "உன் வேண்டுதல் என் ரத்தத்தைக் கெட்டியாக்கிவிட்டது" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வழக்கு முடிந்தது. வாக்கியத்தை மனத்துக்குள் இரண்டு விதமாகத் திருத்திக்கூடப் பார்த்தேன்.

கதவின் கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். என் குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த லெட்சுமியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி மேரு என்கிற பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர். அவருடைய கணவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு, அதனால் அவரும் வார்ஃபரின் கட்சி. போன ஆண்டு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விசாலம் எப்படி நின்றாள் என்று கார்த்திக் எனக்குச் சொல்லியிருக்கிறான். அன்று அவள் காலூன்றி நிற்பதற்குக் கிடைத்தது அந்த ஒரு வேண்டுதல்தான். அதுதான் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று ஓராண்டாக நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் இந்த வாக்கியத்தைச் சொன்னால் விரதத்தை அன்றே விட்டுவிடுவாள். அதோடு முடியாது. தன் கையாலேயே எனக்கு விஷம் வைத்ததாக நினைப்பாள். எண்ணெய் போட்டு உருவிய கையை அவள் பார்த்த பார்வையை நான் ஒருமுறை பார்த்தாயிற்று.

"மாத்திரையைக் கூட்டுங்க" என்றேன் நூருலிடம்.

வெளியே வந்தேன்.

"நம்பர்?"

"நல்ல நம்பர்."

"பெருமாள் பாத்துக்குவாரு" என்றாள், வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக. நான் அதைக் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அலுவலகத்தில், கீழே நகல் யாருக்கு என்று குறிக்காமல் ஒரு கடிதமும் அனுப்பாதவன் நான். சமையலறைக்கு மட்டும் நகல் போகவில்லை.

5

அடுத்த நாளிலிருந்து தட்டின் நிறம் மாறியது. உருளைக்கிழங்கு வந்தது. பூசணி வந்தது. கத்தரிக்காய், வாழைக்காய், சேனை, மறுபடி உருளைக்கிழங்கு. பச்சை என்று பார்த்தால் கறிவேப்பிலை மட்டும், அதையும் நான் ஒதுக்கிவிடுவேன். கேமரன் மலையில் மழை பெய்தால் காய்கறி வரத்து குறையும், கீரை முதலில் அழுகும் என்பது எனக்குத் தெரியும். அதை விசாலத்துக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன்.

"ஆமாங்க, கீரையே சரியில்ல" என்று ஒப்புக்கொண்டாள். அவள் என்னோடு அவ்வளவு சுலபமாக ஒத்துப்போனதே சந்தேகத்துக்குரியது. அக்கம்பக்கத்து முருங்கைக்கும் கேமரன் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று நானாவது கேட்டிருக்க வேண்டும்.

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. புதுத் தூரிகை, முரடாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டேன். முழங்கையில் பெரிய நீலத்திட்டு ஒன்று தெரிந்தது. வாசல் கேட்டில் இடித்திருப்பேன் என்று கேட்டுக்கு எண்ணெய் விட்டேன். நடைமுறை தெரிந்தவர்களுக்கு உள்ள நோய் இது. எதற்கும் உடனே காரணம் தெரிந்துவிடும்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. ரயிலேறிக் கோலாலம்பூர் போனோம், கோயிலுக்குப் போய்விட்டுப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைவ உணவகத்தில் வரிசையில் நின்றோம். கூட்டம் தெருவரை நின்றது. ஒரு வழியாக இடம் கிடைத்து, இலை போட்டு, வெள்ளைச் சோற்றைப் பரிமாறினார்கள். குனிந்தேன். சோற்றின் நடுவில் சொட்டென்று ஒரு சிவப்புத் துளி விழுந்தது. ரசத்தை யாரோ சிந்துகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த துளி சட்டையில்.

என் மூக்கிலிருந்து.

தமிழர் கூடிய இடத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் மருத்துவருக்குப் பஞ்சமே இல்லை.

"சார், தலைய மேல தூக்குங்க!" பரிமாறியவர் தஞ்சாவூர்ப் பக்கம், வேலை அனுமதியில் வந்திருப்பவர்.

"மேல தூக்காதீங்க அங்கிள், தொண்டைக்குள்ள போயிரும், குனிங்க!" அடுத்த மேசைப் பெண்மணி.

"சூடு லா இது. இளநி குடுங்க."

"வெங்காயத்த நசுக்கி மோந்து பாக்கச் சொல்லுங்க ஆன்டி."

"ஹலோ, புரட்டாசி மாசம், வெங்காயம்லாம் இங்க ஏது?"

"அண்ணே, அந்த இலைய மாத்துங்கண்ணே, பாக்கறவங்க பயப்படுறாங்க." இது கல்லாவில் இருந்தவர்.

விசாலம் எழுந்து நின்றாள். "யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. இவரு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவரு" என்று சொல்லிவிட்டு என் தலையை முன்பக்கம் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். மூக்கைப் பிடித்திருந்ததால் கேட்க முடியவில்லை. அவள் கைக்குட்டை நனைந்தது. பிறகு என் கைக்குட்டை. ரத்தம் நிற்கவில்லை.

வாடகைக் கார் ஒன்றில் அங்கிருந்த மருத்துவமனைக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் வயதான சீனர். கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு டிஷ்யூ பெட்டியை முழுதாகப் பின்னால் நீட்டினார். "சீட் நெவர் மைண்ட் லா, அங்கிள். யூ டோன்ட் டை, ஓகே?" என்றார். நான் ஒப்புக்கொள்ளும் விதமாகக் கையை ஆட்டினேன். வழி நெடுக விசாலம் மூக்கை விடவேயில்லை.

6

அவசரப் பிரிவில் வண்ணம் பிரித்து உட்கார வைப்பார்கள். பச்சை என்றால் காத்திருக்கலாம். மஞ்சள் என்றால் கொஞ்சம் அவசரம். சிவப்பு என்றால் உயிர். பதிவு முகப்பில் இருந்தவர் என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்து, "சிவப்பா?" என்றார். அட்டையைக் கேட்கிறாரா என் நிலைமையைக் கேட்கிறாரா என்று தெரியாமல் விசாலம், "ஐயோ, இல்லைங்க, மஞ்சள் போதும்" என்றாள். மஞ்சளில்தான் போட்டார்கள்.

டாக்டர் கவிதா வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சின்ன வயது. மூக்கில் மருந்து நனைத்த துணியை அடைத்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, தலைவலி உண்டா, மலம் கறுப்பாகப் போனதா என்று வரிசையாகக் கேட்டார். ரத்த முடிவு வந்ததும் முகம் மாறியது.

"அங்கிள், ஐ.என்.ஆர். ஆறு புள்ளி ஒண்ணு. மூக்கோட போச்சுன்னு சந்தோஷப்படுங்க. மூளையில வந்திருந்தா? சரி, என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் விசாலம்.

"ஒண்ணுமே மாத்தாம நம்பர் இப்படி ஏறாது ஆன்டி. புது மருந்து? நாட்டு மருந்து? சாப்பாடு?"

இருவரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். டாக்டர் காத்திருந்தார். ஆறு புள்ளி ஒன்று என்பது எங்களுக்கு நடுவில் கட்டிலில் மூன்றாவது ஆளாகப் படுத்திருந்தது.

"மாத்திரைய ஏத்தினாங்க" என்றேன்.

"கீரைய நிறுத்திட்டேன்" என்றாள் விசாலம், அதே நேரத்தில்.

டாக்டர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. "வெயிட். யாரு எப்ப என்ன செஞ்சீங்க? ஒருத்தர் ஒருத்தரா."

விஷயம் இதுதான். நான் உள்ளே நூருலோடு இருந்த அதே நேரத்தில், வெளியே பெஞ்சில் லெட்சுமி விசாலத்திடம் சொல்லியிருக்கிறார்: "எங்க வீட்டுக்காரருக்குப் போன வருசம் புரட்டாசியில நம்பரு பொத்துனு விழுந்துருச்சுக்கா. கீரைதான் காரணம்னு திட்டு விழுந்துச்சு லா. நீங்க பாத்து போடுங்க." நான் வந்து நல்ல நம்பர் என்றதும் விசாலத்துக்கு நிம்மதி. ஆனாலும் இனி எதற்கு வம்பு என்று அன்று மாலையே கீரையை நிறுத்திவிட்டாள். மூக்கைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் லெட்சுமிதான். ஆக, மாத்திரை மேலே போனது, கீரை கீழே போனது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே திசையில் தள்ளியிருக்கிறோம்.

"அங்கிள்கிட்ட ஏன் சொல்லல ஆன்டி?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா டாக்டர்? இவரு சும்மா இருப்பாரா? நான் இவருக்காக வேண்டிக்கிட்ட விரதம். அதுலயே ரத்தம் கெட்டியாகுதுன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

"எனக்குத்தான் அப்பவே தெரியுமே! நான் சொல்லிக் காட்டினேனா?"

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் விசாலம். மஞ்சள் மண்டலம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் கவிதா பேனாவால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்கவே மாட்டீங்களா?"

"நல்லா பேசுவோம்மா. இதப் பத்திதான் பேசல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் எழுதினார். இரண்டு நாள் வார்ஃபரின் கிடையாது. இப்போது கொஞ்சம் வைட்டமின் கே. மாலைவரை அங்கேயே இருந்து, ரத்தம் மறுபடி வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நாளை மறுநாள் எங்கள் மருத்துவமனையில் நூருலிடம் மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். "கீரைய ஆரம்பிங்க ஆன்டி. ஆனா அளவா. தினம் ஒரே கரண்டி. தீபாவளி அன்னைக்கும் அதே கரண்டி."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். விசாலம் என் சட்டையில் இருந்த கறையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது போகாது என்று இருவருக்கும் தெரியும். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. நான் வேண்டிக்கிட்டது உங்களுக்குக் கெடுதலாயிடுச்சா?"

என் வாயில் ஐந்தாறு பதில்கள் தயாராக இருந்தன. எல்லாம் நல்ல பதில்கள். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாரமாவது அவளைச் சீண்டலாம்.

"நீ என்ன கேட்டே? நான் நடந்து வீட்டுக்கு வரணும்னு கேட்டே. வந்தேனே. சரக்கு போன வருஷமே கையில வந்து சேர்ந்தாச்சு. இப்ப நடக்கிறது பாக்கி செலுத்துறப்ப வந்த குளறுபடி. அதுல சரக்கு அனுப்பினவர் மேல பழி இல்லை. எந்தத் துறைமுகத்துலயும் சட்டம் இதுதான்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். யோசித்தாள். "அதுவுமில்லாம, நான் சைவம்னுதான் பெருமாள்கிட்ட சொன்னேன்" என்றாள். "கீரைன்னு சொல்லல. கீரைய அள்ளிக் கொட்டினது நான்தான், அவரு இல்ல."

ஆவணப் பிரிவில் இப்படி வாசகம் படிக்கத் தெரிந்த ஓர் ஆளைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் பிடித்திருக்கிறது. வீட்டில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறேன்.

7

எண் இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறி, இப்போது இரண்டு புள்ளி ஐந்தில் நிற்கிறது. நூருல் என்னைத் திட்டவில்லை. விசாலத்தை உள்ளே கூப்பிட்டு, எதிரில் நாற்காலி போட்டு, அவளுடைய கைபேசி எண்ணை என் எண்ணுக்கு மேலே எழுதிக்கொண்டாள். இனி எந்த மாற்றமானாலும் செய்தி அவளுக்குத்தான் முதலில் போகும். எனக்கு நகல் வரும். விசாலத்தின் மலாய், கடைத்தெருவில் மீன் வாங்கிப் பழகிய மலாய். அதில் அவள் வைட்டமின் கே பற்றி நூருலிடம் கேட்ட கேள்விகளை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் படித்தவள் போலக் கேட்டாள். லெட்சுமியின் பயிற்சி.

கார்த்திக் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு வெகு நேரம் சிரித்தான். "யூ போத் ஆர் ட்ரையிங் டு கில் அப்பா வித் லவ்" என்றான். விசாலம் அதை மொழிபெயர்க்கச் சொன்னாள். உருளைக்கிழங்கு நன்றாக இருந்ததாம் என்றேன்.

தினமும் ஒரு கரண்டி கீரை வருகிறது. கறிக்குழம்போடும் வருகிறது, தோசையோடும் வருகிறது. என் காலும் நுரையீரலும் அமைதியாக இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த நாற்காலியிலும் நான் உட்காருவதில்லை. அக்கம்பக்கத்தாரோடு அலுவலகங்களுக்குப் போனால் எண் சீட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நடந்துகொண்டிருக்கிறேன். காவலாளிக்கு என் மேல் சந்தேகம்.

நேற்று மதியம் தட்டை வைத்துவிட்டு விசாலம் எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்த புரட்டாசியும் மாசம் முழுக்க இருக்கறதா வேண்டிக்கிட்டேன். இந்தத் தடவை உங்ககிட்ட சொல்லிடுறேன். மாத்திரைக்காரப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்."

"இப்ப எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"நீங்க இனிமே என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னு."

"இதுக்குப் பெருமாள் வரைக்கும் போகணுமா? என்கிட்டயே நேராக் கேட்டிருக்கலாமே?"

"உங்ககிட்ட கேட்டா நடைமுறை சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்தாள். கீரையை மட்டமாக வழித்துப் போட்டாள், ஒரு இலைகூட அதிகமில்லாமல்.